கரடி வண்டியின் ஆன்டெனா

அன்பு மகள் சில்வண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே உன் சுகத்தை, அம்மா உன்னோடு போனில் பேசும்போது பக்கத்து அறையில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். நீ என்னோடு பேசி ஐந்து மாதம் ஆகிறது. நானே போன் பண்ணலாம்தான். ஆனால் என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா? மனசு ஒன்று நினைக்கும், அது வேறொன்றைக் கத்தித் தொலைக்கும். அதனால்தான் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பேனாவைக் குறை சொல்லாதே.

தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி பல்பை மாற்றிவிட்டேன். சரி, போதும். சுற்றி வளைத்தால் இந்தக் கடிதம் முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பஸ் டிப்போவில் குடும்ப விழா. பெரிய திரை கட்டி, நம்முடைய குட்டிக்கார் பந்தய வீடியோ விளையாட்டைப் போட்டியாக வைத்தார்கள். யோசனை யாருடையது? வேறு யார், உன் அப்பனுடையதுதான். "முதல் பாகத்துலேர்ந்து ஆடுறவன்டா நான், தைரியம் இருக்கிறவன் வாங்க" என்று டிரைவர்கள் ஓய்வறையில் ஒரு வாரமாகத் தம்பட்டம். நம் வீட்டு விளையாட்டுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனேன்.

முதல் பாகம் நினைவிருக்கிறதா? நீ இரண்டாம் வகுப்பு. தொப்பை வைத்த பழைய டிவி. வயர் குட்டை என்பதால் இருவரும் திரையோடு திரையாகத் தரையில் உட்காருவோம். நீ எப்போதும் வாத்து வண்டி, நான் எப்போதும் கரடி வண்டி. வளைவு வந்தால் பழக்கதோஷத்தில் வேகத்தைக் குறைப்பேன். "அப்பா, இது பஸ் இல்லப்பா, யாரும் எறங்க மாட்டாங்க!" என்று கத்துவாய். இரண்டாம் பாகத்தில்தான் எதிராளி மேல் எண்ணெய் டப்பா வீசக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் பாகத்துக்கு பிளாஸ்டிக் ஸ்டீயரிங் வந்தது. பகலெல்லாம் ஒன்று, ராத்திரி வந்தால் இன்னொன்றா, இதென்ன இரண்டாம் தாரமா என்று அம்மா கேட்டாள். நான்காம் பாகத்தில் பாதை தலைகீழாக ஓடியது. எனக்கு வாந்தி வந்ததை நீ பள்ளிக்கூடம் பூராவும் சொல்லிவிட்டாய். ஐந்தாம் பாகம் வந்த வருஷம் வேலை கிடைத்து நீ அங்கே போய்விட்டாய். அம்மா பெட்டியின் மேல் துணி போட்டு மூடிவைத்தாள்.

ஆறாம் பாகத்தை நீ லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தாய். நீதான் மாட்டினாய், எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தாய். அதில் என் கரடி வண்டிக்குப் பின்னால் சின்னதாக ஓர் ஆன்டெனா மினுக்கியது. அது என்னடி என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டாய். ஆரம்பத்திலிருந்து ஆடுகிறவர்களுக்குத் தரும் மரியாதை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தப் பாகத்தில் நான் ஒரு தடவைகூடப் பாதையை விட்டு விழவில்லை. உன்னை அடுத்தடுத்து ஜெயித்தேன்.

மறுநாள் காலையில் டீ டம்ளர் என் கையில் ஆடியதைப் பார்த்து, "கை நடுங்குதுப்பா, ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிட்டு அப்புறம் பஸ்ஸ எடுங்க" என்றாய். அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம்! லைசென்ஸ் வாங்கிவிட்டால் நீ டிரைவரா, எனக்கே ஓட்டச் சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன். "நேத்து உன்ன ஜெயிச்சேனே, அது நடுங்குற கையா?" என்று வேறு கேட்டேன். நீ வாயைத் திறந்தாய், மூடிக்கொண்டாய். பதில் இல்லாமல்தான் நிற்கிறாய் என்று எனக்குப் பெருமை. அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாய்.

விழாவில் முதல் ஆட்டம் எனக்கும் மெக்கானிக்கின் மனைவிக்கும். திரையைப் பார்த்ததும் அந்தப் பெண், "அண்ணே, உங்களுக்கும் ஆன்டெனாவா! எங்க சின்னவளுக்கும் அதத்தான் போட்டு வச்சிருக்கோம். மூணு வயசு, அவளுக்குத் திருப்ப வராது, வண்டி தானே திருப்பிக்கும்" என்றாள். கிண்டல் இல்லை, வெள்ளை மனசு. போட்டி என்பதால் அதை அணைத்துவிடட்டுமா என்றாள். நீ அன்றைக்குச் சிரித்து மழுப்பியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அணைம்மா என்றேன்.

முதல் வளைவிலேயே கரடி தண்ணீருக்குள். விளையாட்டே தூக்கிப் பாதையில் விட்டது. மறுபடி தண்ணீர். கட்டைவிரல் நான் சொல்வதைக் கேட்கவே இல்லை, சில்வண்டு. டிப்போவே விழுந்து விழுந்து சிரித்தது. மானம் கப்பலேறியது. நானும் சிரித்தேன், மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்டத்தான். சிரிக்காமல் இருந்தது ஒரே ஆள். ஒன்பது வருஷமாக என்னோடு வரும் கண்டக்டர், உன் விசில் மாமா. அவன் திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விழா முடிந்து பெட்டியை மூட்டை கட்டும்போது வந்து நின்றான். "அண்ணே, போன மாசம் ஆஸ்பத்திரி வளைவுல வண்டி பிளாட்பாரத்துல ஏறி எறங்கிச்சே, நாய் குறுக்க வந்துச்சுன்னு ஜனங்ககிட்ட சொன்னேன்ல? நாயே இல்லண்ணே" என்றான். சொல்லிவிட்டு அழுதுவிட்டான். அந்த இல்லாத நாயை நான் வீட்டுக்கு வந்து திட்டியிருக்கிறேன், அம்மாவைக் கேள். வளைவுக்கு முன்னால் அவன் என் பக்கத்தில் வந்து, "நேரா, நேரா, எடது பக்கம் எடம் இருக்கு" என்பதைப் பேச்சுத்துணை என்று நினைத்திருக்கிறேன். பஸ்ஸிலும் எனக்கு ஆன்டெனா வைத்துத்தான் ஓட்ட விட்டிருக்கிறார்கள். அந்தப் பிளாட்பாரத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்கள், தெரியுமா உனக்கு? அன்றைக்கு யாரும் நிற்கவில்லை. அவ்வளவுதான் என் சாமர்த்தியம். வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் கத்தியதற்கு வெட்கம். என் முகம் வாடக் கூடாது என்று நீ செய்ததை எடுத்து உன் வாயையே அடைத்தேனே, அதற்கு இன்னும் வெட்கம்.

மறுநாள் காலை பஸ் சாவியை வாங்கவில்லை. மேலாளரிடம் கையை நீட்டிக் காட்டினேன், வேறு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை அறிவிப்பு அறையில் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மைக்கில் சொல்கிறேன். கத்துகிற வாய்க்கு நல்ல வேலைதான் கிடைத்திருக்கிறது. பஸ்ஸில்தான் வீடு திரும்புகிறேன். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால் தானாகத் தரையை அழுத்துகிறது, அங்கே பிரேக் இருப்பது போல.

டாக்டரிடம் இன்னும் போகவில்லை. பயமாக இருக்கிறது, சில்வண்டு. அம்மாவிடம் மேலாளர் ஓய்வு கொடுத்தார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை, நம்புகிற மாதிரி நடிக்கிறாள். நம் வீட்டில் எல்லாரும் என்னை இப்படியே தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

லீவு கிடைத்தால் வா. நம் வீட்டுக் கார் சாவியைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அதை உன் கையில் ஒரு நாளும் கொடுத்ததில்லை, இப்போது நீயே எடுத்துக்கொள். டாக்டர் வீட்டுக்கு நீ ஓட்டு, நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் வருகிறேன். என் கால் தரையை அழுத்தினால் மட்டும் கண்டுகொள்ளாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா