விரத நாளில் குளிசை

14 ஒக்ரோபர், செவ்வாய்

காலையில் தூறல். நாளை மறுநாள் அம்மாவுக்குக் கிளினிக். சீனி வருத்தம் (நீரிழிவு), இரண்டு வருடமாக.

மருந்துப் பையை இன்றுதான் ஒழுங்காக வாசித்தேன். ‘காலை 1, இரவு 1. சாப்பாட்டுக்கு முன்.’ அடுத்த கிழமை கந்தசஷ்டி. ஆறு நாளும் மத்தியானம் ஒருநேரச் சாப்பாடு. குளிசை மட்டும் இரண்டு நேரமும் தவறாது. போன வருடம் விரதத்தில் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தாரே, இதனாலோ?

அம்மாவிடம் கேட்டேன்.

“குளிசை சாப்பாடோ பிள்ளை? தண்ணியோடை போட்டால் விரதம் முறியாது.”

நான் கேட்டது அதுவல்ல.

“டொக்டரிட்டை விரதமெண்டு வாய் திறந்திடாதை. மறிச்சுப்போடுவா.”

16, வியாழன்

நல்ல வெயில். பள்ளிக்கூடம் போகவில்லை. கணிதப் பாடம் போச்சு.

எங்கள் இலக்கம் 46. முன்வரிசை வாங்கில் இருந்த ஐயா: “அப்ப மத்தியானச் சாப்பாடும் இஞ்சைதான், பிள்ளை!”

வரிசையில் கவனித்தவை:
- ஒரு அன்ரிக்கு மருந்தின் பெயர் தெரியாது. “வெள்ளை சீனிக்கு, மஞ்சள் பிரசருக்கு.” நிறம் மாறினால்?
- டொக்டர் எது சொன்னாலும் எல்லோரும் “ஓம்.” வெளியே வந்து, “என்ன சொன்னவ?”

எங்கள் முறை. “குளிசை ஒழுங்காய்ப் போடுறியளோ?” “ஓம் டொக்டர்.” “ஏதும் கேக்க இருக்கோ?” “ஒண்டுமில்லை.”

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. “அம்மா சஷ்டி பிடிக்கிறவ. போன வருசம் தலைசுத்தி விழுந்தவ.” அம்மா என் காலை மிதித்தார்.

டொக்டர் பேனையை வைத்தார். “ஏன் அம்மா இதை முதலே சொல்லேல்லை?”

“ஏசுவியளெண்டு...”

“விரதம் விட்டால் நல்லது. விடமாட்டியளெண்டால் அந்த ஆறு நாளும் சாப்பாட்டுக்கு முன்னம் ஒண்டு மட்டும். வேர்த்து, கை நடுங்கினால் உடனை இனிப்பாய் ஏதும் வாயிலை போடவேணும். அப்ப விரதம் பாக்கக்கூடாது.”

“ஓம்.” எந்த ஓம்?

பஸ்ஸில் அம்மா என்னோடு கதைக்கவில்லை. வீட்டிலும் இல்லை.

22, புதன்

விரதம் தொடக்கம். காலைக் குளிசை பையிலேயே இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். அம்மா கண்டுவிட்டார். “போய்ப் படி!” ஆறு நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை.

25, சனி

மேகமூட்டம். படையலுக்கு இதரை வாழைப்பழம் ஐந்து வைத்தேன். பதினொரு மணி தாண்டிப் பார்த்தால் நாலுதான் இருந்தது.

அம்மா சாமியறை வாசலில். நெற்றி முழுக்க வேர்வை, கையில் பழத்தோல்.

“என்ன பாக்கிறாய்? கை நடுங்கினது. முருகன்தான் எடுத்துத் தந்தவர்.”

பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

“நேரத்தை எழுதிவை. டொக்டரிட்டைச் சொல்லவேணும்.”

11.05. ஒரு பழம்.