பாக்கி விரதம்

மார்ச் 3

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இங்கே பிள்ளைகள் சுகம். அந்தச் சுரங்கத்து கேண்டீனில் நீங்களும், உங்கள் சமையலைச் சாப்பிடுகிறவர்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

பழைய ஆபரேஷன் தையல் விட்டுப் பிதுங்கிய குடலை உள்ளே தள்ளித் தைப்பதற்கு என்னைத் தயார் செய்கிறார்கள். சர்க்கரை இறங்கிவிட்டது. வயிற்றுத் தசை தளர இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். நுரையீரல் பலப்படக் குழாயில் மூச்சை இழுத்து, கருவிக்குள் இருக்கும் பந்துகளை மேலே ஏற்றுகிறேன், சின்னவள் சிரிக்கிறாள். எடையும் குறைந்ததென்று டாக்டரம்மா தட்டிக்கொடுத்தார்.

நேற்று ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "சதையும் சேர்ந்து கரைஞ்சிருக்கும்மா. புரதம் இவ்வளவு கம்மின்னா தையல் பிடிக்காது. என்னதான் சாப்பிடறீங்க?"

வாரம் மூன்று நாள் தண்ணீர் மட்டும் என்றேன். ஆபரேஷன் முடியும்வரை விரதம் என்று சாமியிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று வாரத்தில் ரத்தம் தேறாவிட்டால் கத்தி வைக்க மாட்டாராம். அதற்குள் குடல் முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாம். ஆனாலும் சாமிக்குச் சொன்னதைப் பாக்கி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 10

என் கணக்குப்பிள்ளைக்கு,

கேண்டீனுக்கு வாராவாரம் சரக்கு கொண்டுவரும் லாரிக்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டுப் படித்தேன். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு உனக்கு எதற்கடி பட்டினி?

சண்டை போட நேரமில்லை. உன் சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் ஒருவர் பாக்கியை இன்னொருவர் பேரில் ஏற்றலாம் அல்லவா? அந்த மூன்று நாளையும் என் பேரில் ஏற்று. இன்றே தொடங்கிவிட்டேன். உப்புக்கூடப் பார்க்கவில்லை. குழம்பு கரிக்கிறதென்று மேஸ்திரி திட்டிவிட்டுப் போனார்.

நீ முட்டை சாப்பிடு, பருப்பு சாப்பிடு. பிடிவாதத்தை மட்டும் விடு.

உன் சமையல்காரன்

மார்ச் 25

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இந்த வார லாரியைத் தவறவிடக் கூடாதென்று அவசரமாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அழுதுகொண்டே முட்டை தின்றேன். ஒரு வேளை டீ தள்ளிப்போனாலே வீட்டைத் தலைகீழாக்குகிறவர் நீங்கள். அப்படிப்பட்டவர் எனக்காகப் பட்டினி கிடக்கிறீர்கள். ஒவ்வொரு வாயையும் தண்ணீர் குடித்து இறக்கினேன். ரத்தம் தேறிவிட்டது. அடுத்த வியாழன் காலை ஆபரேஷன்.

"பயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப உங்க உடம்பு தாங்கும்" என்றார் டாக்டரம்மா.

இத்தனை வருஷம் உங்களுக்கும் சேர்த்து நான்தான் சாமியிடம் பேசினேன். அன்றைக்கு என்னை மயக்கத்தில் போட்டுவிடுவார்கள். அந்த நேரத்துக்கு நீங்கள் பேசுங்கள். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் என் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி