தடுப்பு மருந்து

8.9.86, திங்கள்

டாக்டர் கைலாசநாதன் கூப்பிட்டார். "ஹாலாஸ்யம் சார், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி நடத்தினவர் நீங்க. பி.எம்.எஸ்.எஃப். ரசாயனத்தைக் கையாளறதைப் பத்தித் தமிழ்ல ஒரு தாள் எழுதி ஒட்டிடுங்கோ." ஓய்வுக்குப் பின் என்னை இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டவர் அவர். மறுக்க வாய் வரவில்லை. எழுத வேண்டியவை:

1. ஏன் வேண்டும்: ஈரல் செல்களை உடைத்ததும் உள்ளே இருக்கும் நொதிகள் நமக்கு வேண்டிய புரதங்களையே அறுத்துத் தின்னும். இது அவற்றைத் தடுக்கும்.
2. நிறுப்பது: கையுறை, கண்ணாடி, மூக்குத்துணி. மின்விசிறியை நிறுத்த வேண்டும். தூள் கண்ணிலோ மூச்சிலோ படக்கூடாது.
3. கரைப்பது: தண்ணீரில் அல்ல, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில். தண்ணீரில் ஓரிரு மணி நேரத்தில் வீரியம் போய்விடும். ஆகவே செல்களை உடைக்கும் நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும்.
4. புட்டியின் மேல் எல்லோருக்கும் புரிகிற தமிழ்ப் பெயர் இருந்தால் விபத்து வராது.

நான்காவதை எழுதியபோது கொஞ்சம் பெருமையாக இருந்தது.

10.9.86

அதைக் கரைத்து ஐஸ் பெட்டியில் வைக்கும் சொட்டுப் புட்டியில் "தடுப்பான்" என்று எழுதி ஒட்டினேன். கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் சோலையம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள். "தடுப்பானா? கோழியக் கவுத்துற பஞ்சாரம் மாதிரியா சாமி?"

வெட்கமாகிவிட்டது. பிரித்து, "தடுப்பு மருந்து" என்று எழுதினேன்.

"இப்பத்தான் வெளங்குது" என்றாள்.

"தொடக்கூடாது, தெரியுமா?"

"நீங்க இம்புட்டு நடுங்குறதப் பாத்தா எனக்கே தொட மனசு வராது. பாம்பக் கையில புடிச்சவரு மாதிரியில்ல நிக்கிறீக."

கீழே சிவப்பில் "விஷம்" என்றும் எழுதியிருந்தேன். மாலையில் டாக்டர் பார்த்தார். "இதைப் படிச்சா நாளைக்குப் பாத்திரம் கழுவ வரமாட்டா." அடித்துவிட்டேன். அடித்தது சரிதானா?

19.9.86

ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. காளவாசல் பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி.

23.9.86, செவ்வாய்

சோலையம்மாள் வரவில்லை. வாட்ச்மேன் கண்ணுச்சாமி சொன்னார்: "அது ஆஸ்பத்திரியில கெடக்கு அண்ணே. ராத்திரி என்னத்தையோ கண்ணுல ஊத்திக்கிருச்சாம்."

ஐஸ் பெட்டியைத் திறந்தேன். சொட்டுப் புட்டி இல்லை.

இதற்கு மேல் எழுத

24.9.86

போனேன். வலது கண்ணில் கட்டு. மகள் முத்துத்தாய் பக்கத்தில், மடியில் பிறந்து இருபது நாளான குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் கண் சிவந்திருந்தது.

என் குரலைக் கேட்டதும் சோலையம்மாள் திரும்பினாள்.

"கேக்காம எடுத்துட்டேன் சாமி. நர்சம்மா போலியோச் சொட்டு கொண்டாருவாகள்ல, அதுவும் ஐஸுப் பொட்டியிலதான் வரும். இதுவும் ஐஸுல இருந்துச்சு. தடுப்பு மருந்துன்னு நீங்களே எழுதியிருந்தீக. பச்சப்புள்ள கண்ணுல ஊத்துறதுக்கு முன்னாடி நமக்கு ஒரு சொட்டு விட்டுப் பாப்பம்னு…"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கண்ணுக்குள்ள கங்கு வச்ச மாதிரி எரிஞ்சுச்சு. புள்ளைக்கு விடல. நல்லவேள, இல்ல?"

மருந்தின் பெயரை டாக்டரம்மாவிடம் எழுதிக் கொடுத்தேன். நான் செய்தது அது ஒன்றுதான்.

26.9.86

டாக்டர் ஒரு காகிதம் நீட்டினார். தட்டச்சு செய்திருந்தது. "விஷம் என்று பலமுறை எச்சரித்தும் திருட்டுத்தனமாக எடுத்துச் சென்றார்." கீழே என் பெயர்.

"விஷம்னு நான் சொல்லலையே" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"தொடாதேன்னு சொன்னீரா இல்லையா? அதேதான். போடும்."

போட்டேன். எப்போதும் போல, முத்து முத்தாக.

27.9.86

தூக்கமில்லை.

6.10.86, திங்கள்

அந்தக் கண் இனி வராதாம். கருவிழி முழுக்க வெளுத்துவிட்டது. வேலையிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். காரணம்: திருட்டு. சாட்சி: நான்.

சோலையம்மாள் இருக்கும் வண்டியூருக்குப் போனேன். தெப்பக்குளத்தை இரண்டு முறை சுற்றிய பிறகுதான் அவள் தெருவுக்குள் நுழையத் தைரியம் வந்தது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சாமி. நான் களவாணியாம்ல? நீங்க எழுதிக் குடுத்ததாக் கண்ணுச்சாமி சொல்லுச்சு. நீங்களா எழுதுனீக?"

"கையெழுத்து என்னுடையது."

உள்ளே பார்த்து, "முத்து, சாருக்குத் தண்ணி குடு" என்றாள். சாமி என்று சொல்லவில்லை.

8.10.86

இந்த முறை நானே டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். ஏழு முறை. "எச்சரிக்கையை அடித்தவன் நான். அடிக்கச் சொன்னவர் தாங்கள். தடுப்பு மருந்து என்று பெயரிட்டவன் நான். அவர் திருடவில்லை, நான் எழுதியதை நம்பினார்." நிர்வாகத்துக்கு ஒரு பிரதி, முத்துத்தாய் கையில் ஒன்று.

டாக்டர் படித்தார். "உமக்கு வயசாயிடுத்து சார். ஆத்துல இரும்." அவ்வளவுதான்.

13.10.86, திங்கள்

சாவியை ஒப்படைக்கப் போனேன். திருட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டார்களாம், கண்ணுச்சாமி சொன்னார். அவளுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

என் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. ஐஸ் பெட்டியில் புதுப் புட்டி, அதே பெயர். பிரித்தெடுத்து, "விஷம். கண் போகும்" என்று எழுதி ஒட்டினேன். யாரும் தடுக்கவில்லை.

தாளில் முதல் மூன்றும் சரிதான், இரண்டு முறை சரிபார்த்தேன். நான்காவது தவறு. தடுப்பான் என்று இருந்தவரை அவள் சிரித்தாள், தொடவில்லை. அவளுக்குப் புரிந்ததனால்தான் எடுத்தாள்.

பென்சிலால் நான்கை அடித்துவிட்டு வந்தேன்.