ஒற்றைச் செருப்பு விற்ற கடை

அன்பு அண்ணா,

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும்.

1. உன் கடை இருந்த இடம்.
2. ஏழுமலை செருப்பு வாங்க வந்தது.
3. கடை போனதில் நம் வீட்டார் மேல் தப்பில்லை என்பது.

கும்மிடிப்பூண்டி மாலில் உன் கடைக்கும் பக்கத்துப் பெரிய செருப்புக் கடைக்கும் நடுவே இருந்த சுவரை இடித்துவிட்டார்கள். ஊருக்கு ஊர் கிளை வைத்திருப்பவர்கள், இடம் போதவில்லையாம். நீ உட்கார்ந்த மூலையில் ஆளுயரக் கண்ணாடி நிற்கிறது. மாடியில் இருந்த தையல்காரரும் பாத்திரக்கடைக்காரரும் உனக்கு முன்பே போனவர்கள். உள்ளூர்க்காரர் கடை என்று இனி அங்கே ஒன்றும் இல்லை.

போன வாரம் சும்மா போய் நின்றிருந்தேன். இரும்பு ஆலையில் இடது பாதத்தை இழந்த ஏழுமலை, கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார். ஒரு ஜோடியைப் பிரித்து வலதை அவருக்கும், இடதை வலது கால் இல்லாத அத்திப்பட்டுக்காரருக்கும் கொடுப்பாயே. அந்த நினைப்பில் கேட்டார்.

"ஜோடியாத்தான் பில் வரும்ணா," என்றாள் விற்பனைப் பெண்.

"அப்ப இன்னொரு காலையும் நீயே குட்துடும்மா!"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "இன்னா சார், அண்ணன் பூட்டாரு. கடையுமா பூட்ச்சி?"

தலையை ஆட்டினேன்.

மூன்றாவது. உன் காரியம் முடிந்த வாரமே மால் மேனேஜர், கடையைத் திருப்பிக் கொடுப்பதாக எழுதிய காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். அண்ணி கடையை நடத்தத்தான் நினைத்திருந்தார். காகிதத்தை என்னிடம் நீட்டினார். "இன்னா தம்பி போட்டுகிது? நீ படிச்சவன். நீ சொன்னா கையெழுத்து போட்டுடறேன்."

உன் பழைய ஒப்பந்தமும் அதோடு இருந்தது. கடை எடுத்தவர் இறந்தால் மீதிக் காலத்துக்கு வாரிசு நடத்தலாம் என்று அதில் ஒரு வரி. இரண்டு முறை படித்தேன். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போடுங்க அண்ணி," என்றேன்.

அந்த அண்ணி இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கப் போகிறார். கேட்டால், "எல்லாம் தலையெழுத்து தம்பி," என்கிறார். நானும் ஆமாம் போடுகிறேன்.

நாளை அவர் வேலைக்குக் கிளம்புமுன் அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டுவேன், அண்ணா. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

மேலே மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

வாய் திறக்காத உன் தம்பி