உனக்குப் படைத்த மீன் டின்

மச்சான், பெரிய செய்தி, உன் அக்கா வீட்டில் அத்தான் இன்று காலை முன்னறைக் கார்பெட்டை மூலையோடு பிடுங்கிச் சுருட்டி வாசலில் எறிந்துவிட்டார், கடைசியில் உன் மீன்தான் வென்றது!

ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர். தூக்கியதுதான் தாமதம், ஆறு மாதமாக அடியில் படுத்துக் கிடந்த நாற்றம் எழும்பி உட்கார்ந்தது. சீ! கெட்ட முட்டையையும் நனைந்த சாக்கையும் அடைத்துக்கொண்ட வடிகாலையும் ஒரே பானையில் போட்டு மூடி வைத்துத் திறந்தால் வருமே, அப்படி. ஜன்னலைத் திறக்க ஓடினேன். ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. அத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உன்ர சுவீடனைக் கொண்டுபோய்க் கடலில போடு" என்றார். அது என்னுடைய சுவீடன் என்று இந்த வீட்டில் எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். அங்கே வாழ்ந்தவன் நீ. பழி எனக்கு.

ஆனால் நியாயமாகப் பார்த்தால் நான்தானே விசரன். நீ ஆக்லாந்துக்கு வருவதற்கு முன்பே, ஒடாஹுஹுவில் வாடகை வீட்டில் சிற்றலை வானொலியைக் காதில் ஒட்டிக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்றைச் சுவீடிஷில் எண்ணப் பழகினவன். அவர்களுடைய பாட்டு, டென்னிஸ், கார், பனி, எல்லாவற்றிலும் பைத்தியம். தொலைபேசிக் கம்பியில் கணினியைச் செருகி முகம் தெரியாத ஆட்களோடு எழுத்தில் கதைக்கிற பலகை ஒன்று இருக்கிறதே, அதிலும் போய் 'அங்கே யாராவது சுவீடன்காரர் உண்டா' என்று கேட்டுக்கொண்டிருந்தவன். அப்படிப்பட்டவனிடம், இந்த ஊரில் எனக்கும் அக்காவாகிவிட்ட உன் அக்கா, "என்ர தம்பி சுவீடனில இருந்து வாறான்" என்று சொன்னால் என்ன ஆகும்? விமான நிலையத்துக்கு நான் அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன்.

நீ வந்தாய். அக்கா உன்னைக் கட்டிப்பிடித்து அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன்.

"அங்க வீட்டுக்குள்ள போகேக்க சப்பாத்தை வாசல்லயே கழட்டுவாங்களாமே?"

"ஓம்."

"உண்மையாவே?"

"நாங்களும்தானே கழட்டுறம். அதைப் பாக்க ஏன் பிளேன் ஏறவேணும்?"

பாவம் பார்த்து, பையிலிருந்து ஒரு கறுப்பு இனிப்பை எடுத்துத் தந்தாய். அங்கே குழந்தைகள் விரும்பித் தின்பது என்றாய். வாயில் போட்டேன். இனிப்பா அது? உப்பும் தாரும் சேர்ந்த ஏதோ ஒன்று. விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுத் துப்பினேன். நீ சிரித்த சிரிப்பில் அக்காவின் அழுகை நின்றது.

அதற்குப் பிறகு, என்னோடு ஒடாஹுஹுவில் வந்து இருந்த காலம் முழுக்க, நீ சொல்லச் சொல்ல எனக்கு வாந்தி வந்தது. இரத்தத்தில் செய்த களியைப் பொரித்து அதன்மேல் பழ ஜாம் பூசிப் பள்ளிக்கூடத்தில் தருவார்களாம். மீன் முட்டையைப் பற்பசை மாதிரிக் குழாயில் அடைத்து அவித்த முட்டைமேல் பிதுக்குவார்களாம். மாடிக் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்க முறை எழுதிவைக்க வேண்டுமாம், பத்து நிமிடம் பிந்தினால் பக்கத்து வீட்டுக்காரி நேரில் ஒன்றும் சொல்லமாட்டாளாம், சுவரில் ஒரு துண்டுக் கடிதம் ஒட்டிவிட்டுப் போவாளாம். தட்டில் கடைசித் துண்டு கேக்கை ஒருவரும் எடுக்கமாட்டார்கள், பாதியாக வெட்டி, அதைப் பாதியாக வெட்டி, கடைசியில் தூள்தான் மிஞ்சும் என்று நீ சொன்னபோது, "அது மரியாதை" என்றேன் நான். "மரியாதை இல்லை, பயம்" என்றாய் நீ.

சாப்பிட்டு எழும்பும்போது சமைத்தவருக்குக் கட்டாயம் நன்றி சொல்ல வேண்டும் என்ற பழக்கம் மட்டும் உன்னோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் த்ரீ கிங்ஸில் உள்ள தன் வீட்டில் அக்கா சமைப்பார். கை கழுவ எழும்புமுன், "சாப்பாட்டுக்கு நன்றி அக்கா" என்பாய். அக்காவுக்குப் பத்திக்கொண்டு வரும்.

"என்னடா, கடையில திண்ட மாதிரி நன்றி சொல்லுறாய்? நான் உனக்கு ஆர்?"

"பழகிப்போச்சு அக்கா."

"அந்தப் பழக்கத்தை வாசல்ல சப்பாத்தோட விட்டுட்டு வா."

அப்படி ஒரு ஞாயிறுதான், நண்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நீ அந்தக் கதையைச் சொன்னாய். யாரும் கேட்கவில்லை, நீயாகத்தான் சொன்னாய். பதினேழு வயதில், சுவீடனின் வடக்கே ஒரு சின்ன ஊரில், தனியாக. பள்ளித் தோழன் ஒருவன் சைக்கிள் திருத்த உதவிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். பின்னேரம்வரை இரண்டு பேரும் சங்கிலியோடு மல்லுக்கட்டினீர்கள். பிறகு மேலே அவன் அறைக்குப் போனீர்கள். கீழே சமையல் மணம். தாய் கூப்பிட்டார். நீயும் எழும்பினாய். தோழன் உன்னைப் பார்த்து, "நீ இங்க இரு, நாங்கள் சாப்பிட்டிட்டு வாறம்" என்றான். கோபமில்லாமல், சிரித்துக்கொண்டு. ஒரு படப்புத்தகத்தையும் எடுத்துத் தந்துவிட்டுப் போனான்.

"கீழ முள்ளுக்கரண்டி தட்டுப்படுற சத்தம் கேக்குது அக்கா. உருளைக்கிழங்கும் இறைச்சியும். வீட்டு நாய் மேல ஏறி வந்து வாயை நக்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில படுத்துது. நாய்க்கு வைச்சிருக்கிறாங்கள்."

அக்கா கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் போட்டார். என்னால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தக் கணினிப் பலகையில் ஒரு சுவீடன்காரனிடம் இதைப் பற்றி முன்பே கேட்டிருந்தேனே. "அது அவமரியாதை இல்லை அக்கா. பிள்ளையின்ர வீட்டில தாய் சமைச்சு வைச்சுக் காத்திருப்பா, நாங்கள் குடுத்தா அது வீணாப் போகும் எண்டுதான் அவங்கள்..."

"இவனுக்கு அங்க எந்தத் தாய் சமைச்சு வைச்சுக் காத்திருந்தவ?" என்றார் அக்கா.

நான் குனிந்து நண்டுக் காலை உடைத்தேன்.

கதையின் மிச்சத்தை நீ வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் எனக்கு மட்டும் சொன்னாய். நீ அந்த ஊரில் தனி என்பது அந்த வீட்டாருக்குப் பிறகுதான் தெரிந்ததாம். அடுத்த ஓகஸ்டில் தோழனின் தகப்பன் உன்னைத் தோட்டத்து விருந்துக்குக் கூப்பிட்டாராம். உப்புத் தண்ணீரில் மாதக்கணக்காகப் புளிக்கவிட்ட மீன், உப்பி உருண்டுபோன டின். வாளித் தண்ணீருக்குள் அமுக்கித் திறந்தார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் மூடப்பட்டன. மெல்லிய ரொட்டி, உருளைக்கிழங்கு, வெங்காயம், அதற்குமேல் அந்த மீன். எல்லாரும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ விழுங்கினாய். இன்னொன்று கேட்டாய். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த நாள் போனாலும் உனக்கும் ஒரு தட்டு இருந்தது.

"அவ்வளவு ருசியோ மச்சான்?" என்று கேட்டேன்.

"விசரா, அது சாப்பாடே இல்லை. ஆனா எனக்குத் தட்டு வைச்ச சாப்பாடு."

நீ சுவீடனை விட்டுப் புறப்படும்போது அந்தத் தகப்பன் தந்த அப்படி ஒரு மீன் டின்தான் நம் வீட்டு அலுமாரியில் இருந்தது. எத்தனை முறை திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன்! "நல்ல நாள் ஒண்டு வரட்டும்" என்றாய்.

மழை நாள் ஒன்றில், மனுகாவில் வேலை முடிந்து வரும் வழியில், நீ ஏறிவந்த வான் வண்டி ஈரத் தெருவில் சறுக்கி, நீ போய்விட்டாய். நல்ல நாள் வரவேயில்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். எட்டாம் நாள் படையலுக்கு, உனக்குப் பிடித்தது எல்லாம் வைக்க வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார். நண்டு, கத்தரிக்காய், பியர், டெய்ரி என்கிற மூலைக்கடையில் விற்கிற, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பை, எல்லாம் வந்தது. "அங்கதான் என்ர பிள்ளையைப் பசியோட இருத்தி வைச்சவங்கள். இங்க இருந்து அவன் பசியோட போகக்கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உன் சாமான்களை எடுக்க நம் வீட்டுக்கு வந்தவர் டின்னைக் கண்டார். மறைக்க எனக்குத் தெரியவில்லை, பஸ்ஸில் நீ சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப இதுவும் வைக்கவேணும்."

"அக்கா, நாறும்."

"கருவாடு நாறாதே? கருவாடு திண்டு வளந்த சனத்துக்கு மீன் மணம் சொல்லித் தாறியோ?"

"இதை வெளியில, தண்ணிக்குள்ள வைச்சுத்தான் திறக்கிறது."

"படையலை வாளிக்குள்ளயோ வைக்கிறது? உன்ர சுவீடன் சாத்திரத்தை என்னட்டக் காட்டாதை."

ஆகவே மச்சான், முன்னறையில், கார்பெட்டின்மேல், உன் படத்துக்கும் குத்துவிளக்குக்கும் முன்னால், தலைவாழை இலைக்குப் பக்கத்தில் அத்தான் வேட்டியோடு குந்தியிருந்து டின்னைக் குத்தினார். முதலில் ஒரு சீறல். பிறகு ஊற்று. அத்தானின் நெஞ்சு, வேட்டி, கார்பெட், உன் படத்துக் கண்ணாடி எல்லாம் நனைந்தது. பெரியம்மா ஒருவர் "முருகா" என்று வாயைத் திறந்தார், அப்படியே மூடிக்கொண்டார். அக்கா மட்டும் அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓட, ஒவ்வொரு மீனாக எடுத்து உருளைக்கிழங்கோடு இலையில் வைத்தார். சாம்பிராணி காட்டினார். "எல்லாரும் வெளியில வாங்கோ. அவன் சாப்பிடட்டும்" என்று கதவைச் சாத்தினார்.

சனம் இப்படி ஒரு விருப்பத்தோடு வெளியே போனதை நான் எந்தப் படையலிலும் கண்டதில்லை. புல்லில் போய் நின்றோம். கதவுக்குக் கீழால் நாற்றம் எங்களைத் தேடி வந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் எரிவாயு கசிகிறது என்று நினைத்துத் தீயணைப்புக்குத் தொலைபேசி அடித்துவிட்டார். சிவப்பு லொறி வந்து நின்றது. பெரிய மாவோரி மனிதர் ஒருவர் இறங்கி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அத்தானிடம் கேட்டார். அத்தானுக்குப் பொய் வராது.

"என் மனைவியின் தம்பி இருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்" என்றார் ஆங்கிலத்தில்.

"அவருக்கு ஒன்றும் இல்லையே?"

"போன கிழமை இறந்துபோனார்."

நான் பாய்ந்துபோய் எல்லாவற்றையும் விளக்கினேன். அந்த மனிதர் கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தார், விளக்கையும் படத்தையும் கண்டார், மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாத்தினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு புல்லில் நின்றார். "அவர் மெதுவாகச் சாப்பிடட்டும்" என்றார். அக்கா அவருக்கு வடை கொடுத்தார்.

சாத்திய கதவுக்கு வெளியே நாங்கள் எல்லாரும் பசியோடு நின்றோம். உள்ளே நீ.

கதவைத் திறக்கும் நேரம் வந்தது. அக்கா கைப்பிடியில் கையை வைத்தார். பின்னால் நின்ற எனக்கு மட்டும்தான் அவர் சொன்னது கேட்டது.

"இண்டைக்கு அவன் நன்றி சொல்லேல்லை."

பிறகு உள்ளே போய், இலைக்கு முன்னால் இருந்து, அந்த மீனில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு விழுங்கினார். துப்பவில்லை. "உன்ர பங்கு" என்று எனக்கும் ஒன்று நீட்டினார். மச்சான், வருடக்கணக்காகச் சுவீடன் சுவீடன் என்று குதித்த நான், வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகவும் முடியாமல் ஓடிப்போய் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் சத்தி எடுத்தேன். காகத்துக்கு என்று வெளியே வைத்த மிச்சத்தில் மீனைக் கடற்காகங்கள்கூடத் தொடவில்லை. வடையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டன.

இப்போதும் பாட்டுகள் கேட்கிறேன், பலகைக்கும் போகிறேன். ஆனால் அருவருப்பு போகவில்லை. மீன்மேல் இல்லை, அது கழுவினால் என்றைக்காவது போகும். கீழே கரண்டிச் சத்தம் கேட்கிற அந்த மேலறையை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது. விளக்கங்கள் எல்லாம் தெரியும், நானே சொன்னவன். தெரிந்தும் குமட்டுகிறது. ஒடாஹுஹு வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால், தபால்காரராக இருந்தாலும், கதவைத் திறக்குமுன்பே என் கை தட்டை எடுக்கப் போகிறது. உன்னிடமிருந்து எனக்கு வந்தது அதுதான்.

இந்த மடலை நாங்கள் நாலு பேர் தட்டச்சடித்து நகலெடுத்து விடுகிற தாளில் போடுகிறேன். வாசிக்கிறவர்களே, தயவுசெய்து இதைக் கைமாற்றிக் கொடுங்கள், முக்கியமாக இந்த ஊருக்குப் புதிதாக வந்து ஏதாவது ஒரு அறையில் தனியாக இருக்கிறவரிடம். அவர் ஓம் என்று கதைக்கிறவரோ, ஆமா என்று பேசுகிறவரோ, தமிழே மறந்துபோன ஃபிஜிக்காரரோ, பரவாயில்லை. ஒவ்வொரு ஞாயிறும் த்ரீ கிங்ஸில் அக்கா சமைக்கிறார். கார்பெட் இல்லை, வெறும் பலகைத் தரை, நாற்றமும் கொஞ்சம் இருக்கும், அத்தானிடம் அதைப் பற்றிக் கேட்காதீர்கள். சப்பாத்தை வாசலில் கழற்றுங்கள். நன்றி சொல்ல விரும்பினால் சொல்லுங்கள், அக்கா இப்போது ஏசமாட்டார்.

வருகிறோம் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு மட்டும் வராதீர்கள்.