விபத்து வார்டில் மூன்றாம் நாள்

செவ்வாய்க்கிழமை, கேளம்பாக்கம்.

குடித்துவிட்டு பைக் ஓட்டியதற்காக, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி விபத்து வார்டில் என்னைப் பத்து நாள் வேலை செய்யச் சொல்லி கோர்ட்டில் உத்தரவிட்டார்கள். இன்று படாளத்துக்காரர் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். குடிகாரன் ஒருவன் ஓட்டி வந்த கார் மோதி அவர் கால் நசுங்கியிருந்தது. பாதி மயக்கத்தில் இருந்தார்.

"நீ இங்க இன்னா வேல பாக்குற தம்பி?" என்று கூடவே வந்த அவர் மனைவி கேட்டாள்.

பொய் வரவில்லை. "குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கினேன்கா. கோர்ட்ல அனுப்சாங்க."

கத்தப் போகிறாள் என்று பயந்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "இவரு காதுல வுழாம பாத்துக்கோ. நாளிக்கி ஆபரேஷனுக்கும் நீயே வந்து தள்ளு. எனக்கு வேற ஆளில்ல."

சரி என்றேன். நான் குடித்துவிட்டு ஓட்டிய அன்று என் பைக்குக்கு முன்னால் யாரும் வரவில்லை. அந்தக் கார்க்காரனுக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.