அரைப் பனடோல்

துவண்டு கிடந்த பூனை சீனியைப் பனையோலைக் கடகத்தில் வைத்துத் துணியால் மூடிவிட்டு, கடலுக்குப் போயிருந்த கணவருக்குச் சபூரா கலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதினாள்.

“கதவுத் திறப்பு வாளிக்குக் கீழ இருக்கு. சோறும் மீன் ஆணமும் மூடி வச்சிருக்கன். சீனியை மன்னாருக்கு, மிருக டொக்டரிட்டக் கொண்டு போறன். வழமைபோல மீன் தலையை அதுக்கு எடுத்து வையுங்க. நீங்க குடுத்த மீன்தான் நஞ்சாப் போச்செண்டு நேத்து ஏசினன். முந்தாநாள் அதுக்குக் காய்ச்சலெண்டு அரைப் பனடோல் குளிசையைக் கரைச்சுப் பருக்கினது நான்தான். அது பூனைக்கு நஞ்சாம். டொக்டர் இப்பதான் போனில சொன்னார்.”

பஸ் ஹோர்ன் கேட்டது. கடகத்தைத் தூக்கினாள். உள்ளே அசைவில்லை. துணியை விலக்கிப் பார்த்தாள், மூச்சும் இல்லை.

பஸ்ஸைப் போகவிட்டாள். தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

“மீன் தலையை எடுத்து வைக்க வேணாம்.”